பிரௌனிக்குப் பாடம், வீட்டாருக்குப் பரீட்சை

"வந்த புதுசுல எவ்வளவு சாதுவா இருந்துச்சு தெரியுமா!"

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ நாயைத் தத்தெடுத்த குடும்பங்கள் இரண்டாம் மாதத்தில் தவறாமல் சொல்லும் வசனம் இது. முதல் வாரம் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்த பிரௌனி, இப்போது விருந்தாளியின் தோளில் முன்னங்கால்களைப் போடுகிறது. கொடியில் காயும் துண்டை உருவிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடுகிறது. பள்ளிக்கூடப் பையிலிருந்து டிபன் பாக்ஸைக் கவ்வுகிறது. எதிர்வீட்டுக்காரர் "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்..." என்று பழமொழியைத் தொடங்கி, மீதியை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

நாய் கெட்டுப்போய்விடவில்லை, அதற்குப் பயம் தெளிந்திருக்கிறது. அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹென்னஸியின் குழு, காப்பக நாய்களின் ரத்தத்தைச் சோதித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டது. காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாட்களில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், வீட்டில் வளரும் நாய்களுக்கு இருப்பதைப்போல ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. இடம் மாறுவது நாயின் உடம்பை அந்த அளவுக்கு உலுக்குகிறது. நம் வீடும் அதற்குப் புது இடம்தான். முதல் வாரத்தில் நாம் பார்த்த 'சாது' பெரும்பாலும் அந்த மிரட்சியாகத்தான் இருக்கும். நிஜ பிரௌனி அதற்குப் பிறகுதான் வெளியே வருகிறது.

இன்னொரு காரணம் வயது. 6 மாதத்தைத் தாண்டிய நாய்க்கும் விடலைப் பருவம் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லூசி ஆஷர் குழுவினர், பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்படும் நாய்களைக் கவனித்து 2020இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். 5 மாதத்தில் வளர்ப்பவர் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த நாய்கள், 8 மாதத்தில் அதே ஆள் சொன்னால் காதில் வாங்கவில்லை. முன்பின் தெரியாதவர் சொன்னபோது அப்படி முரண்டு பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பருவம் கடந்து போகும் என்பதும் அதே ஆய்வு தரும் ஆறுதல்.

தெருவில் படித்த பாடம்

டிபன் பாக்ஸ் திருட்டுக்கு வருவோம். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்ந்துவருகிறது. 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து அவர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். இறந்த குட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் சாவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம்.

அப்படிப்பட்ட தெருவில் பிழைத்து வந்த நாய், கண்ணில் பட்ட உணவை அடுத்த நொடியே வாயில் போட்டுக்கொள்ளப் பழகியிருக்கும். அதன் உயிரைக் காப்பாற்றிய திறமை அது. நம் வீட்டுக்கு வந்ததும் அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கிறோம். இதற்குப் பயிற்சியைவிட எளிய வைத்தியம், மூடியுள்ள குப்பைக்கூடையும் ஆணியில் மாட்டிய பள்ளிப் பையும்தான். கைக்கு எட்டாத தவறை நாய் பழகுவதில்லை.

அதே தெரு நல்லதையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. பயிற்சியே இல்லாத தெருநாய்கள்கூட மனிதன் கைநீட்டும் திசையைப் புரிந்துகொண்டு சரியான கிண்ணத்தைத் தேடிப் போவதை இதே குழு 2020இல் காட்டியது. துணிந்து கிட்டே வந்த நாய்களில் சுமார் 80 சதவீதம் கைகாட்டிய பக்கம் போயின. பழக்கமில்லாத மனிதர் தொடர்ந்து சில நாட்கள் தடவிக்கொடுத்தால், உணவு கொடுத்தவரைவிட அவரிடமே தெருநாய்களுக்கு ஒட்டுதல் அதிகமானதையும் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். 'நாட்டு நாய்க்கு என்ன தெரியும்' என்று கேட்பவர்களுக்கு இது பதில். நம்மைப் படிக்கும் வித்தை அதற்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு குதிப்பு, மூன்று பரிசு

மாலை 7 மணிக்குக் காலிங் பெல் அடிக்கிறது. கதவைத் திறந்ததும் பிரௌனி அப்பாவின் மேல் பாய்கிறது. "டேய், இறங்குடா!" என்று அவர் இரண்டு கையாலும் தள்ளுகிறார். சின்னவள் கைகொட்டிச் சிரிக்கிறாள். "பாவம், வாயில்லா ஜீவன், அதை ஏன்டா விரட்டுற? இந்தா, இங்க வா" என்று பாட்டி பிஸ்கட்டோடு வருகிறார்.

இதை நாயின் கணக்கில் பாருங்கள். ஒரு குதிப்புக்குத் தொடுகை கிடைத்தது, கலகலப்பு கிடைத்தது, பிஸ்கட்டும் கிடைத்தது. நாளை அது ஏன் குதிக்காமல் இருக்க வேண்டும்?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டுப்பெட்டியில் அடைத்துச் செய்த சோதனைகளில் கண்டது இதைத்தான். நல்ல விளைவைத் தந்த செயல் திரும்பத் திரும்ப வரும். பயன் தராத செயல் மங்கிப்போகும். பின்னால் பி.எஃப். ஸ்கின்னர் இதை ஒரு துறையாகவே வளர்த்து, விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று 1951இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் பொதுமக்களுக்காக எழுதினார். அவர் அழுத்திச் சொன்ன விஷயம் நேரம். நாய் சரியானதைச் செய்த அதே நொடியில் பரிசு வர வேண்டும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் நாய் வேறு நான்கு காரியம் செய்திருக்கும். பரிசு கடைசிக் காரியத்துக்குப் போய்ச் சேரும். அதனால்தான் 'க்ளிக்' என்ற ஓசையையோ ஒரு சின்னச் சொல்லையோ முதலில் தீனியோடு பழக்குகிறார்கள். 'சபாஷ்' என்றால் தீனி வரப்போகிறது என்று நாய்க்குப் புரிந்துவிட்டால், நொடி தவறாமல் பாராட்ட முடியும்.

காலிங் பெல் பயிற்சியை வீட்டில் இப்படிச் செய்யலாம். வேகவைத்த கோழியையோ முட்டையையோ சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, கதவருகே டப்பாவில் வையுங்கள். யாரும் வராத நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பி பெல் அடிக்கச் சொல்லுங்கள். நாய் குதித்தால் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். திட்டக்கூட வேண்டாம், திட்டும் ஒரு கவனிப்புதான். நான்கு கால்களும் தரையில் பட்ட கணத்தில் 'சபாஷ்' சொல்லித் தீனியைத் தரையில் போடுங்கள். கையை உயரத்தில் வைத்துக் கொடுத்தால் மறுபடி எம்பும். தரையில் போட்டால் மூக்கு கீழே இருக்கும். இது பிடிபட்ட பிறகு, கதவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சாக்கை விரித்து, பெல் அடித்தால் அங்கே போய் உட்காருவதற்குத் தீனி கொடுங்கள். சாக்கில் உட்கார்ந்திருக்கும் நாயால் ஒரே நேரத்தில் குதிக்கவும் முடியாது. 'செய்யாதே' என்று சொல்வதைவிட, அதற்குப் பதில் செய்ய ஒரு வேலை கொடுப்பதே பலிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொடங்கிய முதல் சில நாட்களில் குதிப்பு கூடும். இதுவரை பலித்தது பலிக்காதபோது, விலங்கு அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்க்கும். இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் பொறுமை போய், 'சரி, இந்தா' என்று கொடுத்துவிடுகிறார்கள். அப்போது நாய் கற்பது, இன்னும் உயரமாகக் குதித்தால் கிடைக்கும் என்பதை.

எப்போதாவது கிடைக்கும் பரிசுக்கு இருக்கும் சக்தியை ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போது விழும் என்று தெரியாத பரிசு, பழக்கத்தை எளிதில் சாக விடாது. லாட்டரிச் சீட்டு விற்பனை நடப்பதே அதனால்தான். ஆறு நாள் எல்லோரும் கண்டிப்பாக இருந்து, ஏழாம் நாள் தாத்தா சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு விள்ளல் இட்லி போட்டால், கெஞ்சும் பழக்கம் இன்னும் இறுகிவிடும்.

சொல்லும் தூக்கமும்

அப்பா 'சிட்' என்கிறார், பாட்டி 'உட்காரு' என்கிறார், பையன் 'டேய், ஒழுங்கா இருடா' என்கிறான். நாயால் ஒரு செயலுக்கு இரண்டு சொற்களைக் கற்க முடியும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்க வேண்டும். புடாபெஸ்ட் நகரின் ஓட்வோஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தில், ஹங்கேரிய மொழிக் கட்டளை தெரிந்த நாய்களுக்கு அதே செயல்களுக்கான ஆங்கிலச் சொற்களைக் கற்பித்து, பிறகு தூங்கவிட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தூங்கி எழுந்த பின் நாய்கள் புதுச் சொல்லை முன்பைவிட நன்றாகப் புரிந்துகொண்டன. 2017இல் வெளியான இந்த ஆய்வு வீட்டுக்குத் தரும் யோசனை எளிது: எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், பாடம் முடிந்ததும் நாயைத் தூங்க விடுங்கள்.

மணிக்கணக்கில் பாடம் நடத்தவும் தேவையில்லை. டென்மார்க்கில் 44 பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், தினமும் பயிற்சி பெற்றவற்றைவிட வாரத்துக்கு ஓரிரு முறை பெற்றவை குறைந்த பாடங்களிலேயே தேறின. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி. குக்கர் விசில் வருவதற்குள் ஐந்து நிமிடம் போதும்.

நடைக்குக் கூட்டிப்போகும்போது சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓட்டமாக முடித்துவிடாதீர்கள். விளக்குக் கம்பத்தையும் மதில் ஓரத்தையும் நிதானமாக முகரவிடுங்கள். மோப்பத்தால் தேடும் விளையாட்டை இரண்டு வாரம் ஆடிய நாய்கள், புதிரான சூழலை முன்பைவிட நம்பிக்கையோடு அணுகின என்று ஷார்லட் டுரான்டனும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019இல் கண்டறிந்தார்கள்.

அடித்தால் திருந்துமா?

'நீதான் தலைவன் என்று காட்டு, இல்லாவிட்டால் நாய் உன்னை ஏய்க்கும்' என்ற அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களின் சண்டைகளைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து அது கிளைத்தது. காட்டு ஓநாய்களை நேரில் ஆராய்ந்த டேவிட் மெக், 1999இல் அந்தக் கருத்தைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம். அங்கே தலைமைக்கான ஓயாத அடிதடி கிடையாது.

அடிக்கு விலையும் உண்டு. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 7 பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. தண்டனை முறையில் பயின்ற நாய்களிடம் பதற்ற அறிகுறிகளும், பயிற்சிக்குப் பிந்தைய கார்ட்டிசாலும் கூடுதலாக இருந்தன. தண்டனை மிகுந்த பள்ளி நாய்கள், உள்ளே உணவு இருக்கிறதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கித் தயங்கித் தயங்கியே போயின. தெருவில் கல்லடி பட்ட நாயைக் கம்பால் திருத்தப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பரிசால் தீராத விஷயங்களும் உண்டு. சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சாதுவான நாய் திடீரென்று சீறினால் வலி காரணமாக இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய்க்குப் பயிற்சி நேரம், ஓய்வு நேரம் என்ற பிரிவு கிடையாது. வீட்டில் யார் என்ன செய்தாலும் அது கற்றுக்கொண்டே இருக்கிறது. எனவே தத்தெடுக்கும் முன் ஒரு நாள் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல், சாப்பிடும்போது தட்டிலிருந்து போடலாமா கூடாதா, கட்டிலில் ஏறலாமா கூடாதா என்பதை முடிவு செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். இந்த மூன்றில் ஒத்துப்போக முடியாத வீடு, நாய் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதே நல்லது.