சாகுந்தலத்தில் சாபமும் சான்றும்

சாபத்தால் அறிவு மயங்கிய வேந்தனும், தெய்வப் பிறப்பிற் பாதி பெற்ற நங்கையும் காதல் கொள்வதாகப் புனைந்த கதைகளுள் தலைசிறந்தது காளிதாசரின் சாகுந்தலம். 1789-இல் வில்லியம் சோன்சு இதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழில் மறைமலையடிகள் இதனைப் பெயர்த்ததோடு, விரிவான ஆராய்ச்சியும் எழுதினார்.

சகுந்தலை விசுவாமித்திரருக்கும் மேனகை என்னும் அரமகளுக்கும் பிறந்தவள். துருவாசர் சினந்தது அவளையேயாயினும், அச்சாபம் தொழிற்படுவது துஷ்யந்தன் நெஞ்சில். தான் மணந்தவளையே அவன் மறந்துவிடுகின்றான். இச்சாபம் நாடகத்தில் ஆற்றும் பணி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மூலக்கதை மகாபாரதத்து ஆதிபருவத்தில் உள்ளது. ஆங்குச் சாபமும் இல்லை, கணையாழியும் இல்லை. புதல்வனோடு அவை புகுந்த சகுந்தலையை மன்னன் நன்கு அறிவான். அறிந்தும் அறியேன் என்கின்றான். அவளோ அஞ்சாது வழக்குரைக்கின்றாள். தன் பிறப்பு அவன் பிறப்பினும் உயர்ந்தது என்று கூறவும் தயங்கினாளல்லள். வானொலி உண்மையை உரைத்த பின்னரே அவன் அவளை ஏற்கின்றான். உலகம் ஐயுறாதிருத்தற்பொருட்டே மறுத்ததாகக் காரணமும் காட்டுகின்றான்.

காளிதாசர் இப்பொய்யை மறதியாக மாற்றினார். அரசன் பழியைத் துடைத்தற்கே அவர் சாபத்தைப் புகுத்தினார் என்று கருதுதல் எளிது. ஆயின், அச்சாபத்தை யார், எப்பொழுது அறிகின்றனர் என்று நோக்கின், அக்கருத்து முழுவதும் பொருந்தாமை புலனாகும்.

நாடகம் 7 அங்கங்களை உடையது. 4-ஆம் அங்கத்தில் சாபமொழியைக் கேட்டவர் தோழியர் இருவரே. அவர்கள் அதனைத் தலைவிக்கு மறைக்கின்றனர். மன்னன் தெளியானாயின் கணையாழியைக் காட்டுக என்று மட்டுமே கூறி விடுக்கின்றனர். 6-ஆம் அங்கத்தில் கணையாழியைக் கண்டு நினைவு பெற்ற துஷ்யந்தன், தன் மறதிக்குக் காரணம் அறியான். குற்றம் தனதே என்று கொண்டு வருந்துகின்றான். வேனில் விழாவையும் நிறுத்துகின்றான். 7-ஆம் அங்கத்தில் அவன் சகுந்தலையின் அடியில் வீழ்கின்றான். அவளும் தன் பழவினையே காரணமென்று கூறி அவனை எழுப்புகின்றாள். இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே காசியப முனிவர் சாபத்தை வெளிப்படுத்துகின்றார். அதுகேட்டு இருவரும் ஆறுதல் பெறுதல் உண்மையே. எனினும், இரக்கமும் பொறுத்தலும் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டன. சாபம் காண்போருக்கு விளக்கமாகின்றதேயன்றிக் காதலர்க்குச் சாக்காகவில்லை என்க.

இனி, சான்று பற்றிய சிக்கலைத் தமிழ் மரபோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. களவினைக் கந்தருவ மணத்தோடு ஒப்பிடும் தொல்காப்பியர், பொய்ம்மையும் பிழையும் மக்கள் வாழ்வில் புகுந்தமையால் மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பர். அகநானூற்று 256-ஆம் பாட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கள்ளூரில் ஒருத்தியின் நலன் நுகர்ந்தபின் அவளை அறியேன் என்று சூளுற்றவனை, அவையத்தார் சான்று கேட்டுத் தெளிந்து, மரத்திற் பிணித்துத் தலையில் நீறு பெய்து ஒறுத்தனர்.

கள்ளூரில் மறுத்தவன் வேறு. நடுவுநின்று தீர்த்த அவை வேறு. துஷ்யந்தன் அவையிலோ மறுப்பவனே முறைசெய்வோனும் ஆகின்றான். சகுந்தலைக்கு இருந்த ஒரே சான்றாகிய கணையாழியும் நீரில் நழுவிப் போயிற்று. உடன்வந்த முனிவர் மாணாக்கரும் அவளை மீட்டு அழைத்துச்செல்ல உடன்பட்டிலர். இந்நிலையிலேதான் அவளது தெய்வப் பிறப்புத் துணையாகின்றது. பெண்வடிவாய்த் தோன்றிய ஓர் ஒளி அவளை எடுத்தேகுகின்றது. மூலக்கதையில் வழக்குரைக்கும் வலிமையாய் நின்ற அப்பிறப்பு, நாடகத்தில் புகலிடமாக மாறிற்று.

ஆகவே, இந்நாடகத்தின் வியத்தகு நிகழ்ச்சிகள் வெறும் அழகிற்காக அமைந்தவை அல்ல. மண்ணுலகின் முறை கைவிட்ட இடத்திலேயே வானுலகின் கை நீளுகின்றது. அரமகளுக்குப் பிறவாத ஒருத்தி அவ்வவையில் நின்றிருப்பின், அவளுக்குப் புகல் யாது? காளிதாசர் இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பவில்லை. எனினும் 5-ஆம் அங்கத்தைக் கற்போர் இவ்வினாவைத் தவிர்த்தல் அரிது.