டிசைன் கம்பெனியில் குலதெய்வம் எதற்கு?

கோவையில் அவிநாசி சாலை, பீளமேடு, சரவணம்பட்டி என்று எங்கு பார்த்தாலும் டிசைன் கம்பெனிகள். பம்புசெட்டுக்கு லோகோ, கிரைண்டருக்கு அட்டைப்பெட்டி, திருப்பூர் பனியனுக்கு விளம்பரம் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. தோட்டத்திலும் மில்லிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் ஏ.சி. அறைக்குள் சாதி வராது என்று நம்பிப் போகிற தம்பி, தங்கைகளுக்குச் சில செய்திகள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதனால் கேள்வி சுற்றுவழியில் வரும். "எந்த ஊருங்க தம்பி?" "ஊருக்குள்ளயா, வெளியவா?" "குலதெய்வம் எது?" "என்ன கூட்டம்?" கொங்கு மண்ணில் இதற்கெல்லாம் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். சில நேரம் பயோடேட்டாவில் உள்ள முகவரியே காட்டிக்கொடுத்துவிடும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததன் அருமை, அந்த முகவரியோடு வேலை தேடியவர்களுக்குப் புரியும்.

சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய இரு அறிஞர்கள் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால், தலித் பெயருக்கு 67தான்.

டிசைன் வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேத்தில் கடைந்த சாமானை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். டிசைனுக்கு மேலாளரின் ரசனைதான் அளவுகோல். "நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டார்" என்று ஒரு வரி சொன்னால் போதும், வேறு காரணம் கேட்க முடியாது. வரைந்தவர் ஒருவர், வாடிக்கையாளர் முன் எடுத்துக்காட்டிப் பேர் வாங்குபவர் வேறொருவர் என்றாலும் கணக்குக் கேட்க இடமில்லை.

2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகளும் பணிந்து அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்ததும் உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. அரசு வேலை என்பதால் கேட்க ஓர் இடம் இருந்தது. இடஒதுக்கீடோ தனியார் கம்பெனியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

2023 ஜூனில் பெங்களூரில், ஆடை விற்பனை நிறுவனம் ஒன்றில் கடைகளின் காட்சி அலங்காரத்தை வடிவமைக்கும் வேலையில் இருந்த தலித் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அலுவலகத்தில் சாதிப் பாகுபாடு என்று அவர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சாதித் தொல்லைக்கு அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. அதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுவரை சட்டம் தருவதைப் பயன்படுத்துவோம். நாலு பேர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். சாட்சிக்கு யாருமில்லாத நான்கு சுவருக்குள் சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. எனவே தேதி, நேரம், உடனிருந்தவர் பெயரைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். வரைந்த ஒவ்வொரு டிசைனையும் தேதியோடு உங்கள் மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். வன்கொடுமைப் புகாருக்கான கட்டணமில்லா எண் 14566.

குலதெய்வம் எது என்று கேட்டால், "வேலைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் கேட்டவர்தான்.