இல்லந்தோறும் வேதவாசிப்பு

பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களுள் தமிழ் வேதாகமமும் ஒன்று. பாட்டியார் வாசித்து வாசித்து ஓரம் மழுங்கிய அந்நூல் இன்றும் நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அது நம்முடன் ஆலயத்திற்கு வருகிறது. ஆராதனை முடிந்ததும் வீடு திரும்பி அலமாரியில் அமர்கிறது. அடுத்த ஞாயிறு வரையில் அதைத் தொடுவார் இல்லை. பிள்ளைகளில் பலருக்கோ அதன் எழுத்தே தெரியாது. இன்னும் ஒரு தலைமுறையில் அது வாசிக்க ஆளில்லாத புத்தகம் ஆகிவிடுமோ என்ற கவலை நம் சபையாருள் பலருக்கு உண்டு. அக்கவலை நியாயமானதே. ஆயினும், கவலைப்படுவதோடு நில்லாமல், செய்யத்தக்கது யாது என்று ஆராய்வோம்.

போதகரின் பிரசங்கம் போதாதோ என்று சிலர் கேட்கலாம். பவுலடியார் போதித்ததைக்கூடப் பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை, பாராட்டப்பட்டார்கள். வாரத்திற்கு ஒருமுறை உண்டு உடலை வளர்ப்பார் எவரும் இல்லை. ஆன்மாவுக்கும் அவ்விதியே பொருந்தும்.

வேற்றூரில் வளர்ந்த பிள்ளை

நம்மைப் போன்ற குடும்பம் ஒன்றை வேதாகமமே நமக்குக் காட்டுகிறது. தீமோத்தேயு சிறிய ஆசியாவிலுள்ள லீஸ்திராவைச் சேர்ந்தவர். தந்தை கிரேக்கர், தாய் யூதகுலப் பெண். அவ்வூர் மக்கள் பேசியதோ லிக்கவோனிய மொழி. எருசலேமும் அதன் தேவாலயமும் வெகுதொலைவில் இருந்தன. ஆயினும் அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே வேத எழுத்துக்களை அறிந்திருந்தார் என்று பவுல் எழுதுகிறார். பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி, அவர்களுடைய விசுவாசத்தையும் நினைவுகூருகிறார். தெருவில் ஒலித்த மொழி வேறாயினும், வீட்டில் விதைத்த விதை பழுதாகவில்லை. தெருவில் மராத்தியும் இந்தியும் வங்காளமும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கும் முதற்பள்ளி வீடே அன்றோ?

மணலில் எழுதிக் கற்றவர்

தமிழில் நமக்கு வேதம் கிடைத்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜெர்மானியரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, நம் எழுத்துக்களைக் கற்றார். 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். 1715இல் அது தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சேறிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரையில் மொழிபெயர்த்து, 1719இல் தம் 36ஆம் வயதில் காலமானார். அப்பணியைச் சூல்ட்சே தொடர்ந்து நிறைவேற்றினார்; பின்வந்த பப்ரிசியுஸ் புதிதாய் மொழிபெயர்த்தார். அந்நியர் ஒருவர் மணலில் எழுதிக் கற்ற எழுத்தை, நாம் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பித்தல் அரிதன்று. சங்கீதம் 117 இரண்டே வசனங்கள் கொண்டது. 23ஆம் சங்கீதம் ஆறு வசனங்கள் கொண்டது. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு இவையே நல்ல முதற்பாடம்.

எனினும், தமிழ் எழுத்துக் கைவரும் வரையில் பிள்ளை வேதமின்றிக் காத்திருக்க வேண்டியதில்லை. எகிப்திலுள்ள அலெக்சாந்திரியாவில் குடியேறிய யூதர்கள் காலப்போக்கில் கிரேக்க மொழியே பேசலாயினர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அங்குத் தொடங்கி, வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரிதும் எடுத்தாண்டதும் அந்த மொழிபெயர்ப்பையே. ஆகவே தந்தை தமிழில் வாசிக்கட்டும். பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அதே பகுதியைத் தொடரட்டும். முடிவில் தான் கண்ட பொருளைத் தமிழில் இரண்டு வாக்கியங்களாகச் சொல்லட்டும். பல மொழி வேதாகமங்களும் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன, ஒலிவடிவிலும் கேட்கலாம்.

சிறிதே எனினும் நாள்தோறும்

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஓராண்டில் முடிக்க எண்ணி ஆதியாகமத்தில் ஆர்வத்துடன் தொடங்குவோர், லேவியராகமத்தில் தளர்ந்து நின்றுவிடுவதைக் காண்கிறோம். புதிதாகத் தொடங்கும் குடும்பம் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஓர் அதிகாரமாகப் பதினாறு நாட்களில் அது நிறைவுறும். நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரங்களே. மூன்று திங்களில் முடியும். நீதிமொழிகளின் 31 அதிகாரங்களும் ஒரு மாதத்திற்குரியவை. ஓர் அதிகாரத்தை உரக்க வாசிக்கப் பெரும்பாலும் பத்து நிமிடமே போதும். இரவு வேலைக்குச் செல்வோர் உள்ள வீட்டில் காலையில் வைத்துக்கொள்ளலாம். நேரம் எதுவாயினும் அது மாறாதிருத்தல் நன்று.

வாசித்தால் மட்டும் போதாது. பொருள் விளங்க வேண்டும். எத்தியோப்பிய மந்திரி ஊர் திரும்பும் வழியில் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்தார். வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, வழிகாட்டுவார் இல்லையே என்று நாணமின்றி ஒப்புக்கொண்டார். நம் இளைஞர்கள் ஐயம் எழுப்பும்போது அதட்டி அடக்குதல் தகாது. விடை தெரிந்தால் கூறுவோம். தெரியாவிடில் குறித்து வைத்துப் போதகரிடம் கேட்போம். ஐயத்தைக் கேட்க இடமில்லாத வீட்டில் பிள்ளைகள் வேதத்தை விட்டே விலகிவிடுவர்.

வளர்ச்சிக்கு அடையாளம் எது?

எத்தனை அதிகாரங்கள் வாசித்தோம் என்பது ஆவிக்குரிய வளர்ச்சிக்கு அளவுகோல் ஆகாது. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு உடனே மறந்துவிடுகிறவனுக்கு ஒப்பானவன் என்கிறார் யாக்கோபு. காலையில் மன்னிப்பைப் பற்றி வாசித்துவிட்டு, மாலையில் பக்கத்து வீட்டாரோடு பேச மறுப்போமானால் வாசிப்பால் பயன் என்ன? வீட்டு வேலை செய்யும் அம்மையாருக்குக் கூலியைக் குறித்த நாளில் கொடுக்கிறோமா? அலுவலகத்தில் நம் சொல்லை நம்பலாமா? ஊரிலிருந்து வேலை தேடி வரும் பிள்ளைக்கு உண்ண ஒருவேளை உணவும் உறங்க ஒரு மூலையும் தருகிறோமா? நாம் வாசித்த வேதத்தைப் பிறர் நம் நடத்தையிலேதான் வாசிக்கிறார்கள்.

முதலாம் சங்கீதம் நீர்க்கால்களின் ஓரத்தில் உள்ள ஒரு மரத்தைக் காட்டுகிறது. அது தானாக முளைத்த மரம் அன்று; நடப்பட்ட மரம். நாமும் ஓர் ஊரிலிருந்து பெயர்த்து மற்றோர் ஊரில் நடப்பட்டவர்களே. மண் மாறினும், வேருக்கு நீர் தவறாது கிட்டினால் இலை உதிராது. பருவத்தில் கனியும் தப்பாது. அலமாரியிலுள்ள நூலை இன்றிரவே எடுப்போம். மாற்கு முதல் அதிகாரத்தைப் பெரியோரும் சிறியோரும் கூடி அமர்ந்து வாசிப்போம்.