சிறுதானிய உமி நீக்கலும் பணிச்சுமையும் (கொல்லிமலை)

சிறுதானிய உமி நீக்கல் என்பது சாமை, தினை, வரகு, பனிவரகு முதலிய தானியங்களின் மேலுறையை அகற்றிச் சமைப்பதற்கேற்ற அரிசியாக்கும் பணியாகும். தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் இப்பணி நெடுங்காலமாகப் பெண்களால் உரலும் உலக்கையும் கொண்டு செய்யப்பட்டு வந்தது. உழைப்பையும் களைப்பையும் அளந்து ஆராயும் பணிச்சூழலியல் துறைக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டாகும். ஏனெனில், இங்கு பணிச்சுமை உழைப்பவரின் உடல்நலத்தை மட்டுமன்றி, ஒரு பயிர் தொடர்ந்து விளைவிக்கப்படுமா என்பதையும் பாதித்துள்ளது.

இடமும் பயிர்களும்

கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மலைத்தொடராகும். இங்கு மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பைல் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்றவாறு ஊர்த்தொகுதிகள் 'நாடு' என்னும் பெயரால் வழங்கப்படுகின்றன. சாமையும் கேழ்வரகும் இம்மக்களின் மரபுவழி உணவுகளுள் முதன்மையானவை.

உமி நீக்கும் முறை

கேழ்வரகுக்குக் கடினமான உமி இல்லை. எனவே அதனைத் தூற்றித் தூய்மைசெய்து, திருகையில் இட்டு நேரே மாவாக்கலாம். சாமை, தினை ஆகியவற்றின் உமியோ மணியை இறுகப் பற்றியிருக்கும். மணியும் மிகச் சிறியது. ஆகவே தானியத்தை உலர்த்தி, உரலில் இட்டுக் குற்றி, முறத்தால் புடைத்து, உமி நீங்காத மணிகளை மீண்டும் குற்ற வேண்டும். ஒரு வேளை உணவுக்கே இச்சுற்று பலமுறை நிகழும்.

பணிச்சுமையை அளத்தல்

உடலுழைப்பின் கடுமையை அளக்க ஆக்சிசன் நுகர்வு, இதயத்துடிப்பு, உழைப்பவர் தாமே உணரும் கடுமை ஆகியன பயன்படுகின்றன. இறுதியாகக் கூறப்பட்டதற்குச் சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் அமைத்த அளவுகோல் பரவலாகக் கையாளப்படுகிறது. 1994 இல் வர்கீஸ், சாகா, ஆத்ரேயா ஆகிய இந்திய ஆய்வாளர்கள் இந்தியப் பெண்களின் பணிகளை வகைப்படுத்தும் அளவுகளை வெளியிட்டனர். அதன்படி, நிமிடத்திற்கான இதயத்துடிப்பும் ஆற்றல் செலவும் பின்வருமாறு:

* மிக இலகு: 90 துடிப்பு வரை, 5 கிலோ ஜூல் வரை
* இலகு: 91–105, 5.1–7.5 கிலோ ஜூல்
* மிதமான கடுமை: 106–120, 7.6–10 கிலோ ஜூல்
* கடுமை: 121–135, 10.1–12.5 கிலோ ஜூல்
* மிகக் கடுமை: 136–150, 12.6–15 கிலோ ஜூல்
* அதிகடுமை: 150 துடிப்புக்கு மேல், 15 கிலோ ஜூலுக்கு மேல்

குற்றும் பணியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 3 கிலோகிராம் எடையுள்ள உலக்கையை அரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 15 ஜூல் ஆற்றல் தேவை. நிமிடத்திற்கு 40 முறை உயர்த்தினால் 600 ஜூல், அதாவது 0.6 கிலோ ஜூல் ஆகும். தசைகள் செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே பயன்படு வேலையாகிறது எனக் கொண்டால், உடல் 6 கிலோ ஜூல் செலவிட வேண்டியுள்ளது. ஓய்விலும் செலவாகும் ஏறத்தாழ 4 கிலோ ஜூலைச் சேர்த்தால் மொத்தம் 10 கிலோ ஜூல் ஆகிறது. இது மிதமான கடுமையின் மேல் எல்லையாகும். உலக்கை கனத்தாலோ, குற்றும் வேகம் கூடினாலோ பணி கடுமை வகைக்குச் சென்றுவிடும்.

இதயத்துடிப்பு மட்டும் முழு உண்மையைக் காட்டாது. குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் இடைவிடாது இறுகியிருப்பதால் அவற்றின் குருதியோட்டம் குறைந்து வலி தோன்றுகிறது. மேலும் குற்றுதல் தனித்த பணியன்று. களையெடுத்தல், விறகும் நீரும் சுமத்தல், சமைத்தல் ஆகியவற்றோடு அதுவும் ஒரே நாளில் சேர்கிறது.

பயிர்களின் மீதான தாக்கம்

சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி, மாவுப்பொருள் ஆலைகளுக்குத் தேவையான மரவள்ளி, பணப்பயிராகக் கொல்லிமலையில் பரவியது. நியாயவிலைக் கடைகளில் அரிசி கிடைத்தது. இவற்றோடு, குற்றுவதிலுள்ள கடும் உழைப்பும் சாமை, தினை சாகுபடி குறைந்ததற்கு ஒரு காரணமாயிற்று. குற்ற ஆளில்லாத வீட்டில் தானியம் விளைந்தும் பயனில்லை. விதைப்பு நின்றால் உள்ளூர் விதை வகைகளும் மறைந்துவிடும்.

இயந்திரங்கள்

1988 இல் சென்னையில் நிறுவப்பட்ட எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டது. விதை சேமிப்பு, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுடன், சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் சிற்றளவு அரவை இயந்திரங்களையும் அது அறிமுகப்படுத்தியது. மையவிலக்கு வகை உமி நீக்கியில் தானியம் விரைவாகச் சுழற்றி வீசப்பட்டுச் சுவரில் மோதும்போது உமி பிளக்கிறது.

மட்டுப்பாடுகள்

இயந்திரம் வந்தவுடன் சுமை முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. ஆலை தொலைவிலிருந்தால் குற்றும் உழைப்பு மலைப்பாதையில் மூட்டை சுமக்கும் உழைப்பாக மாறுகிறது. தானியம் இடும் வாய் உயரமாக இருப்பின் தோள் வலிக்கும். தூசியும் இரைச்சலும் புதிய இடர்களாகும். ஆகவே ஓர் இயந்திரத்தின் பயனை மணிக்கு எத்தனை கிலோகிராம் அரைக்கிறது என்பதைக்கொண்டு மட்டும் மதிப்பிடாமல், வயலிலிருந்து அடுப்பு வரை அப்பெண்ணின் மொத்த உழைப்பு எவ்வளவு குறைந்தது என்பதைக்கொண்டும் மதிப்பிட வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையடுத்து இவ்வுணவின் பயன்கள் பரவலாகப் பேசப்பட்டன. அதனை உண்ணத்தக்கதாக்கும் உழைப்பைக் குறைப்பதும் அப்பயிரைக் காப்பதன் ஒரு பகுதியே ஆகும்.