முழங்கால் வலியும் நம் மலைப்பாதையும்

திருப்பலி முடிந்து வீடு திரும்பும் நம் பேத்துப்பாறைப் பெரியவர்களைச் சற்றுக் கவனியுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும் எப்படியோ ஏறிவிடுகிறார்கள். இறக்கத்தில்தான் நின்று நின்று, ஒருக்களித்து, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். காப்பித் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் நாற்பது ஆண்டு ஏறி இறங்கிய கால்கள் அவை. "ஆபரேஷன் செய்தால்தான் சரியாகுமாமே?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரின் முழங்காலிலிருந்து தொடங்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே மாதம் முதன்முறையாகச் சக்கர நாற்காலியில் மக்கள் முன் வந்தார். தசைநார் வீக்கம், கூடவே எலும்பில் சிறு முறிவு. அந்த ஜூலையில் செல்லவிருந்த காங்கோ, தென் சூடான் பயணத்தையே தள்ளிவைக்க நேர்ந்தது. ஆனாலும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். முந்தைய ஆண்டு குடல் அறுவைக்காகக் கொடுத்த மயக்க மருந்தின் பாதிப்பு இன்னும் போகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சிகிச்சையும் பயிற்சியும் கைத்தடியும் சக்கர நாற்காலியுமாகச் சமாளித்து, 2023 ஜனவரி இறுதியில் அதே ஆப்பிரிக்கப் பயணத்தைத் தொடங்கினார். லேசர், காந்த சிகிச்சையில் முறிவு ஆறியதாகவும் சொன்னார். இதைக் கேட்டுவிட்டு யாரும் காந்தப் பட்டை வாங்கப் புறப்பட வேண்டாம்! அவருடையது வேறு. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம்.

தேய்மானம் என்றால் என்ன? எலும்பும் எலும்பும் உரசாதபடி நடுவில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை மடக்கி நீட்டும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். ஆகவே "வலிக்கிறது, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறேன்" என்பது மூட்டைப் பட்டினி போடுவதற்குச் சமம். வலிக்குப் பயந்து நடக்காமலிருந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் மேல் இறங்கும், வலி இன்னும் கூடும்.

எனவே முதல் மருந்து தொடைக்கு வலு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துப் பிறகு இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். பழகியபின் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். தொடக்கத்தில் வலி சிறிது கூடலாம். மறுநாளைக்குள் அது தணிந்துவிட்டால் பயமில்லை. தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

அடுத்து உடல் எடை. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. விறகுக் கட்டும் காப்பி மூட்டையும் அந்தக் காலில்தான் இறங்குகின்றன. ஒரே சுமையாகத் தூக்குவதை இரண்டு நடையாக்குங்கள், அல்லது வீட்டிலுள்ள இளைஞர்களிடம் கொடுங்கள். அவர்கள் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கட்டும்.

கைத்தடியைப் பலரும் தவறான கையில் பிடிக்கிறோம். வலது முழங்கால் வலித்தால் இடக்கையில் பிடிக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். சரிவில் நேராக இறங்காமல், சிறு அடிகளாக வளைந்து வளைந்து இறங்குங்கள். குத்துக்காலிட்டு உட்காருவதைக் குறைக்க, கழிப்பறையில் போடும் ஓட்டை நாற்காலி பெரிய உதவி.

மருந்துக்கடையில் நாமாகவே வாங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிநீக்கிக் களிம்பைப் பூசிப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பு. விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடம். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனத் தொடர்ந்து போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு கண்டது.

அப்படியானால் அறுவை சிகிச்சையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்றுக்குத் தகுதியான 100 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சியும் எடைக் குறைப்பும் பெற்ற பிரிவில் நால்வரில் ஏறக்குறைய மூவர், ஓராண்டுவரை அறுவை செய்யாமலே இருந்தனர். இரவில் தூங்கவிடாத வலி, வீட்டுக்குள்கூட நடக்க முடியாத நிலை, இவை மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் தீராவிட்டால் அறுவையைத் தள்ளிப்போடுவது வீண் பிடிவாதம். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பயிற்சி சொல்லித்தர ஆளில்லையே என்கிறீர்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கோவிலில் முழந்தாளிட முடியவில்லையே என்று மனம் வருந்துவோருக்கு ஒரு வார்த்தை. உடல்நலம் இடம் தராதவர்கள் முழந்தாளிட வேண்டியதில்லை என்று திருப்பலி நூலின் பொது விதிகளே, 43ஆம் எண்ணில், கூறுகின்றன. எழுந்தேற்றத்துக்குப் பின் குரு முழந்தாள்படியிடும்போது நின்றபடியே தாழ்ந்து வணங்கினால் போதும். நிற்கவும் இயலாதவர்களுக்காகச் சுவரோரம் நாற்காலிகள் கிடக்கின்றன. இளையவர்கள் அவற்றைக் காலியாக விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.