மென்பொருள் உரிமத் தணிக்கைக் கோரிக்கையும் பெருநிறுவனங்களின் தற்காப்பும்: இரு வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருள் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் பயன்பாட்டைத் தணிக்கை செய்து கூடுதல் கட்டணம் கோருகின்றன. அக்கோரிக்கையை எதிர்கொள்ளும் நிறுவனத்தின் தற்காப்பு, ஒப்பந்தச் சொற்களுக்குக் கொள்ளப்படும் பொருளைப் பெரிதும் சார்ந்துள்ளது. இதனை மார்ஸ் – ஆரக்கிள் (2015), எஸ்ஏபி – டியாஜியோ (2017) ஆகிய வழக்குகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மென்பொருள் உரிமம், தணிக்கை, ஒப்பந்தப் பொருள்கோடல், மறைமுகப் பயன்பாடு

முன்னுரை

வணிக மென்பொருளை வாங்கும் நிறுவனம் அம்மென்பொருளுக்கு உடைமையாளர் ஆவதில்லை. அதனைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே பெறுகிறது. எத்தனை பேர், எத்தனை கணினிகளில் பயன்படுத்தலாம் என்னும் வரையறை அவ்வுரிமையோடு இணைந்தது. வரையறை மீறப்படவில்லை என்பதைச் சரிபார்க்க, வழங்கிய நிறுவனம் தணிக்கை செய்யலாம் என்னும் விதியும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது.

தணிக்கையின் முடிவில் எழும் தொகை பெரிதாக இருக்கக்கூடும். எஸ்ஏபி தன்மீது தொடங்கிய நடுவர் மன்ற நடவடிக்கையில் கோரிக்கை 60 கோடி டாலருக்கு மேற்படக்கூடும் என்று அன்ஹைசர்-புஷ் இன்பெவ் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் தெரிவித்திருந்தது. அந்தப் பூசல் 2018இல் உடன்பாட்டில் முடிந்தது. எனினும் தணிக்கை அறிக்கை என்பது தீர்ப்பன்று. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு முன்வைக்கும் வாதமே ஆகும். அவ்வாதத்தை எந்த அளவுக்கு மறுக்க இயலும் என்பதை ஒப்பந்தத்தின் சொற்களே முடிவு செய்கின்றன.

தணிக்கையின் எல்லை: மார்ஸ் வழக்கு

இனிப்புப் பண்டங்களுக்குப் பெயர்பெற்ற மார்ஸ் நிறுவனம், 2015 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் ஆரக்கிள்மீது வழக்குத் தொடுத்தது. தணிக்கைக்கு உள்ளான நிறுவனமே முந்திக்கொண்டு நீதிமன்றத்தை நாடியது இவ்வழக்கின் சிறப்பாகும்.

பூசலின் மையம் மெய்நிகராக்கத் தொழில்நுட்பமாகும். விஎம்வேர் மென்பொருளின் துணைகொண்டு, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்கு மாற்றலாம். தன் தரவுத்தள மென்பொருள் எந்தெந்தச் சர்வர்களுக்கு மாறக்கூடுமோ, அவை அனைத்திற்கும் உரிமம் தேவை என்பது ஆரக்கிளின் நிலைப்பாடு. ஆனால் ஆரக்கிளின் வழக்கமான ஒப்பந்த வாசகம், மென்பொருள் ‘நிறுவப்பட்ட’ அல்லது ‘இயங்கும்’ செயலிகளையே கணக்கில் கொள்கிறது. ‘இயங்குகிறது’ என்பதும் ‘இயங்கக்கூடும்’ என்பதும் வெவ்வேறு என்பதே இத்தகைய கோரிக்கைக்கு எதிராக வைக்கப்படும் முதன்மை வாதம். மேலும், இப்பொருள் குறித்து ஆரக்கிள் வெளியிட்டுள்ள கொள்கை ஆவணம், தான் கல்வி நோக்கத்திற்கு மட்டுமே உரியது என்றும் ஒப்பந்தத்தின் பகுதியாகாது என்றும் தானே கூறுகிறது.

தான் 2,33,089 பக்க ஆவணங்களை அளித்ததாகவும், ஆரக்கிள் மென்பொருள் இயங்காத சர்வர்களைப் பற்றியும் அதனைப் பயன்படுத்தாத பணியாளர்களைப் பற்றியும் உரிமையின்றித் தகவல் கேட்கப்பட்டதாகவும் மார்ஸ் தன் மனுவில் குறிப்பிட்டது. அதாவது, எவ்வளவு கட்டணம் என்னும் வினாவுக்கு முன்பே, எதைக் கேட்கும் உரிமை தணிக்கையாளருக்கு உண்டு என்னும் வினா எழுப்பப்பட்டது. 2015 டிசம்பரில் வழக்கு உடன்பாட்டுடன் முடிவுற்றது. வழக்கின் சாரம் குறித்து நீதிமன்றம் தீர்ப்பளிக்காமையால் இது முன்தீர்ப்பாகப் பயன்படாது. தற்காப்பு வாதத்தின் அமைப்பை அறியவே உதவும்.

‘பயன்பாடு’ என்னும் சொல்: டியாஜியோ வழக்கு

ஜானி வாக்கர், கின்னஸ் முதலிய மதுவகைகளின் உரிமையாளரான டியாஜியோ, 2004இல் எஸ்ஏபியுடன் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. கட்டணம் ‘பெயர் குறித்த பயனர்’ எண்ணிக்கையின்படி கணக்கிடப்பட்டது. பின்னாளில் டியாஜியோ, சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தின்மீது இரு புதிய அமைப்புகளை உருவாக்கியது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ‘ஜென் 2’, இணையவழி நேரடியாகப் பொருள் கோரும் வாடிக்கையாளர்களுக்குக் ‘கனெக்ட்’ என இவை அமைந்தன. இரண்டும் ஓர் இடைநிலை மென்பொருளின் வழியாக எஸ்ஏபி அமைப்புடன் தகவல் பரிமாறின.

இவற்றைப் பயன்படுத்துவோர் அனைவரும் தன் மென்பொருளை மறைமுகமாகப் பயன்படுத்துவோரே எனக் கூறி, எஸ்ஏபி 5.4 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையைக் கோரியது. ஒப்பந்தக் காலத்தில் டியாஜியோ அதுவரை செலுத்தியிருந்த மொத்தக் கட்டணமே 5 கோடி முதல் 6.1 கோடி பவுண்டு வரையிலானதுதான் என்பது கோரிக்கையின் கனத்தைப் புலப்படுத்தும்.

இடைநிலை மென்பொருளுக்குத் தனி உரிமம் பெற்றிருப்பதால், அவ்வழியே வரும் அணுகலுக்கு வேறு உரிமம் தேவையில்லை என்று டியாஜியோ வாதிட்டது. 2017 பிப்ரவரி 16 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஓ’ஃபாரெல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகுவோர் அனைவரையும் ஒப்பந்த வாசகம் உள்ளடக்குவதால் கூடுதல் கட்டணப் பொறுப்பு உண்டு எனத் தீர்ப்பளித்தார். தொகையைப் பின்னர் முடிவு செய்ய விட்டுவிட்டார். ஒரு தரப்புக்கு நட்டமாக முடிந்த பேரத்தை வணிகப் பொது அறிவின் பெயரால் நீதிமன்றம் திருத்தி எழுதாது என்னும் கருத்து, ஆர்னால்டு – பிரிட்டன் வழக்கில் (2015) இங்கிலாந்தில் முன்னரே வலுவாக நிறுவப்பட்டிருந்தது.

2018 ஏப்ரலில் எஸ்ஏபி, மறைமுக அணுகலுக்கு ஆள் எண்ணிக்கையை விடுத்து, உருவாகும் ஆவணங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் கணிக்கும் புதிய முறையை அறிவித்தது. மனிதர் கணினித் திரையின் முன் அமர்ந்த காலத்து அளவுகோல், அமைப்புகள் தமக்குள் உரையாடும் காலத்திற்குப் பொருந்தவில்லை என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

தற்காப்பின் கூறுகள்

இவ்விரு வழக்குகளிலிருந்து சில கூறுகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஒப்பந்தத்தின் பகுதியாக அமைந்த ஆவணங்களையும் விற்பனையாளரின் கொள்கை விளக்கங்களையும் வேறுபடுத்தல், பின்னவை கட்டுப்படுத்தா. இரண்டாவது, தகவல் அளிக்கும் முன் தணிக்கை விதியின் எல்லையை வரையறுத்தல். ஆரக்கிளின் வழக்கமான ஒப்பந்தம் 45 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. வழக்கமான வணிகப் பணிகளுக்கு முறையற்ற இடையூறு கூடாது என்றும் கூறுகிறது. மூன்றாவது, தன் பயன்பாட்டைத் தானே அளந்து வைத்தல். இன்றேல் எதிர்த்தரப்பின் கணக்கே ஒரே கணக்காகிவிடும்.

நான்காவது, ஒப்பந்த மீறலையும் பதிப்புரிமை மீறலையும் பிரித்தறிதல். எம்டிஒய் – பிளிசார்ட் வழக்கில் (2010) அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிம ஒப்பந்த மீறல் அனைத்தும் பதிப்புரிமை மீறலாகா என்று கூறியது. மீறப்பட்டது உரிமத்தின் எல்லையை வரையறுக்கும் நிபந்தனையாக இருத்தல் வேண்டும். அம்மீறல் பதிப்புரிமையாளரின் தனியுரிமையையும் தொட வேண்டும். இப்பாகுபாடு கோரத்தக்க நிவாரணத்தை மாற்றிவிடும்.

முடிவுரை

மார்ஸ் நிறுவனத்தின் வாதத்திற்கு இடமளித்தது ஒப்பந்தச் சொல்லின் குறுகிய வரம்பு. டியாஜியோவின் வாதத்தை வீழ்த்தியது அச்சொல்லின் விரிந்த வரம்பு. ஆகவே பெருநிறுவனத்தின் தற்காப்பு, தணிக்கைக் கடிதம் வந்த நாளில் தொடங்குவதன்று. ஒப்பந்தத்தில் ‘பயன்பாடு’, ‘பயனர்’ ஆகிய சொற்கள் வரையறுக்கப்படும் நாளில் அது தொடங்குகிறது. பழைய அமைப்போடு புதியது இணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவ்வரையறை மீண்டும் படிக்கப்பட வேண்டும். டியாஜியோவில் இணைப்பை வடிவமைத்தவர்களுக்கு அது தொழில்நுட்பப் பணி. ஒப்பந்தத்தின் பார்வையில் அதுவே புதிய பயனர்களைச் சேர்த்த செயலாயிற்று.