உங்களுக்குத் தெரியுமா? – மேகமலையும் பழைய டீசல் ஜீப்பும்

● சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். தார் போட்டபின் எந்தக் காரும் ஏறிவிடுகிறது. ஹைவேவிஸைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று போகப் போகத்தான் ஜீப்பின் அருமை தெரியும்.

● அந்த 18 வளைவிலும் ஜீப்பை ஃபோர் வீலில் போடக் கூடாது! வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் கியரில் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். புதிதாகப் பழைய ஜீப் வாங்கியவர்கள் பெருமைக்காகச் செய்கிற முதல் காரியம் பெரும்பாலும் தாரில் ஃபோர் வீல் போடுவதுதான்.

● ஃபோர் வீலோடு 'லோ' கியரையும் போட்டால் இழுவை சுமார் இரண்டரை மடங்காகும். தாரில்லாத மலைப்பாதையில், ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதற்கு வேலை அதிகம்; இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

● மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்து இங்கே பூட்டத் தொடங்கியது. பழைய சிஜே-3பி ஜீப்பின் பானெட் அவ்வளவு உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. வில்லிஸின் 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின் உயரமானது, அது உள்ளே அடங்க வேண்டும். பின்னாளில் அதே பானெட்டுக்குள் டீசல் குடியேறியது. சில மாடல்களில் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் வழிவந்த 2,350 சிசி இன்ஜின். வேறு சிலவற்றில் 2,112 சிசி பெஜோ இன்ஜின். பெஜோ 504 டீசல் காரில் ஓடியதும் இதே குடும்பம்தான். டிராக்டர் வழி இன்ஜின் உள்ள ஜீப் என்றால், டிராக்டர் மெக்கானிக்கின் கைக்கு அது அந்நியமில்லை.

● மேகமலையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று கொதிநிலை உயரும். ரப்பர் தேய்ந்த மூடி என்றால் அது திறந்த உலைதான். மூடி மிக மலிவான சாமான். அதைக் கவனிக்காமல் விட்டால் போவது ஹெட் கேஸ்கெட்.

● அதே உயரத்தில் காற்றழுத்தமும் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜினின் பம்புக்கு இது தெரியாது. அடிவாரத்தில் அனுப்பிய அளவு டீசலையே இங்கும் அனுப்பும். எரியக் காற்று போதாது, கரும்புகை வரும். ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினால் புகைதான் கூடும். கியரை இறக்குவதே வழி.

● டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பெஜோ வகையில் குளிர்ந்த காலையில் 'ஹீட்டர்' சூடேறக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடும். சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகள் நிற்காது. டீசலை அடைக்கும் குமிழை இழுக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் சரிவில் உருட்டிவிட்டே ஸ்டார்ட் செய்துவிடலாம். மலையில் பழைய ஜீப்பைச் சரிவு பார்த்து நிறுத்துவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

● டேங்க் காய்ந்து நின்றுபோனால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள். ஃபில்டரில் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

● கம்பம், போடி பகுதிகளிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு விடியலிலேயே கூலிப் பெண்களை ஏற்றிப் போவது பெரும்பாலும் ஜீப்தான். கம்பம்மெட்டும் போடிமெட்டும் அவற்றின் தினசரிப் பாதை. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு (சுமார் 7,900 அடி) ஜீப்பில் போக வேண்டுமானால், கேரளத்தின் சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும்!

● சட்டப்படி 'வின்டேஜ்' ஆக வண்டிக்கு 50 வயது தாண்ட வேண்டும். 2021-ல் வந்த மத்திய விதி இது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' எழுத்துகள். அப்புறம் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. தினமும் ஓட்டுவதற்காகவே ஜீப் வைத்திருப்பவர், இந்தப் பட்டம் வேண்டாம் என்று சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

● பற்றவைக்க மின்பொறி வேண்டாததால் ஓடையைக் கடக்க டீசல் ஜீப் நல்லது. ஆனால் காற்று இழுக்கும் வாயில் தண்ணீர் புகுந்தால் கதை வேறு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடு ஓடையில் நின்றுபோனால் செல்ஃப் அடிக்காதீர்கள். இறங்கிக் கயிறு கட்டி இழுங்கள்.